பியோர்க்கோட வல்னிகூரா கேட்டவங்க இருக்கீங்களா? பிரிஞ்சு பதினோரு மாசம் ஆச்சு, அதப்பத்திப் பேசணும்

பல்லடம்_தறிக்காரன் | இரவு 11:52

வணக்கமுங்க எல்லாருக்கும். ரெண்டு வாரமா ஒரே ஆல்பத்தத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு இருக்கறேன், வூட்ல இதப்பத்தி யாருகிட்டயும் பேச முடியாது, கம்பெனில சொன்னாலும் புரியாது, அதான் இங்க வந்தேன். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், அவங்களோட பிரிவப் பத்தி 2015 ஜனவரில போட்ட வல்னிகூரா. இத்தன நாளு கழிச்சுத்தான் என்ற காதுக்கு வந்து சேந்துச்சு.

என்ற கதைய சித்தெ சொல்லிடறேன். நாலு வருசம் பழகுனோம். அவ வூட்லயும் ஒத்துக்கல, எங்கூட்லயும் ஒத்துக்கல, அதுகூட பரவால்லைன்னு நின்னோம், ஆனா அந்த இழுபறிலயே ரெண்டு பேருக்கும் பேச்சு கொறஞ்சு கொறஞ்சு கடைசில ஒரு நாளு திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பேக்கரில டீ குடிச்சுட்டு அவ அவிநாசி பஸ்ஸுக்குப் போயிட்டா நான் பல்லடம் பஸ்ஸுக்கு வந்துட்டேன். சண்ட இல்ல, அழுக இல்ல. அது நடந்து பதினோரு மாசம்.

இந்த ஆல்பத்துல என்னைய மொதல்ல புடிச்சு நிறுத்துனது பாட்டு கூட இல்லீங்க, பாட்டுக்குப் பக்கத்துல போட்டிருக்கற கணக்கு. ஆல்பத்தோட வர்ற எழுத்துல மொத ஆறு பாட்டுக்கும் காலம் போட்டிருக்காங்க: பிரியறதுக்கு ஒம்பது மாசம் முன்ன, அஞ்சு மாசம் முன்ன, மூணு மாசம் முன்ன, அப்புறம் பிரிஞ்சு ரெண்டு மாசம், ஆறு மாசம், பதினோரு மாசம். மிச்சம் மூணு பாட்டுக்கு ஒண்ணுமே இல்ல. அதப் பாத்துட்டு நான் வாட்ஸாப்ப தொறந்து பிரியறதுக்கு ஒம்பது மாசம் முன்னாடி நாங்க என்ன பேசிட்டு இருந்தோம்னு மேல மேல தள்ளிப் பாத்தேன். "சாப்டியா", "ம்", "பஸ் ஏறிட்டேன்", "சரி". அவ்வளவுதான். அப்பவே முடிஞ்சு போச்சுங்க, எனக்குத்தான் தெரியல.

அப்புறம் நாலாவது பாட்டு பிளாக் லேக், 10 நிமிசம் 8 செகண்டு. ஒரு பத்தி பாடி முடிச்சதும் வயலின் எல்லாம் ஒரே சுரத்துல நின்னுக்குது. நகரவே நகராது. பாட்டு முடிஞ்சுருச்சோன்னு நெனச்சு போன எடுத்துப் பாத்தேன், ஓடிட்டுத்தான் இருக்குது.

எனக்கு அந்த எடம் ஏற்கனவே தெரியும். எங்கூட்ல எட்டு விசைத்தறி, கூலிக்கு நெசவு. நான் ஸ்கூலு படிக்கறப்ப பவர்கட் காலம், கரண்டு போனா எட்டு தறியும் ஒட்டுக்கா நிக்கும், ஒரு சில தறில நூலோட குறுக்க ஓடற நாடா பாதி பாவுலயே நின்னுக்கும். அந்த நிமிசத்துல வர்ற அமைதி அமைதி மாதிரி இருக்காது, காதுக்குள்ள குய்ன்னு ஒண்ணு நிக்கும், அப்பா பேசறது வாயசைவா தெரியும், சத்தம் வராது. பிளாக் லேக்ல அந்த வயலின் நிக்கறது எனக்கு அப்படித்தான் இருக்குது. வேற யாருக்காச்சும் இது இந்த மாதிரி கேக்குதா?

---

ஜமாப்_செட்டு_பொள்ளாச்சி | காலை 7:15

தம்பி, நீ எழுதுனத படிச்சுட்டு வெள்ளன எந்திரிச்சு மொத நாலு பாட்டு கேட்டேன். உள்ளத உள்ளபடி சொல்றேன், எனக்குப் புடிபடல. அந்தம்மா கொரலு நெஞ்சப் புடிக்குது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அடி எங்க இருக்குது? வர்ற மாதிரி வந்து சறுக்கிட்டுப் போயிருது. நான் பதினாறு வருசமா மேளம் அடிக்கறவன், காலு தட்ட எடம் தேடித் தேடி எனக்கு தலவலியே வந்துருச்சு. நம்மூர்ல காதல் தோல்விப் பாட்டு நாலு நிமிசத்துல ஆள அழ வெச்சுட்டுப் போயிருது, இதுக்கு எதுக்கு பத்து நிமிசம்? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

---

வயலின்_டீச்சர்_கோவை | காலை 10:40

தறிக்காரரே, அந்த நிக்கற எடத்துக்கு பியோர்க்கே ஒரு பேரு வெச்சிருக்காங்க. ஒரு பேட்டில சொல்லியிருக்காங்க, பத்திக்கும் பத்திக்கும் நடுவுல வர்றத உறைஞ்சு போற எடம்னுதான் அவங்க கூப்புடறது, அது பாடற பத்திய விடவே நீளமா இருக்கும், ஒரே உணர்ச்சில மாட்டிட்டு அசைய முடியாம நிக்கற நெல அதுன்னு. நீங்க பவர்கட்டுன்னு சொன்னது அவ்வளவு பக்கத்துல இருக்குது.

பொள்ளாச்சி அண்ணாவுக்கு என் பதில். இந்த ஆல்பத்துல வயலின் வரிசைய அமைச்சது பியோர்க்கேதான், வேற யாரோ எழுதி மேல ஒட்டுனது இல்ல. நான் பசங்களுக்கு வயலின் சொல்லிக் குடுக்கறேன், புதுசா வர்ற பையன் வேகமா வாசிக்க ரெண்டு வருசத்துல கத்துக்குவான், ஆனா கமகமே இல்லாம ஒரே சுரத்த அசையாம புடிச்சு நிக்கச் சொன்னா பத்து வருசம் ஆனவங்களுக்கே கை நடுங்கும். வில்லு தீந்து போயிரும், திருப்பணும், திருப்பற சத்தம் வெளிய தெரியக்கூடாது. கூட்டமா வாசிக்கறப்ப ஆளாளுக்கு வேற வேற நேரத்துல திருப்புவாங்க, அப்பத்தான் கேக்கறவங்களுக்கு ஒரே இழையா வரும். ஹெட்போன் போட்டு அந்த எடத்த மட்டும் கேளுங்கண்ணா. நின்ன மாதிரி தெரியும், உத்துக் கேட்டா உள்ள மூச்சு வாங்கற மாதிரி மெல்ல ஏறி எறங்கிட்டே இருக்கும்.

அதுக்கும் மேல ஒண்ணு. எங்க அம்மிச்சி காங்கேயம் பக்கம். அப்புச்சி செத்தப்ப அவங்க ஒப்பாரி வெச்சது எனக்கு இன்னும் காதுல இருக்கு. அதுல தாளம் கெடையாது, மூச்சுதான் கணக்கு. ஒரு வரி இழுத்துட்டே போவாங்க, மூச்சு எங்க ஒடையுதோ அங்க வரி முடியும், அப்புறம் ஒரு விக்கல், கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல, அடுத்த வரி. அடுத்த வரி எப்ப வரும்னு பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளைங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சு, சரியா அங்க எல்லாரும் ஒட்டுக்கா சேருவாங்க. நாலு நிமிசத்துல அழ வெச்சு அனுப்பற பாட்டு எனக்கும் புடிக்கும்ணா. ஆனா அம்மிச்சிக்கு ஒரு ராத்திரி பூரா ஆச்சு.

---

சவுண்டு_சர்வீஸ்_கோபி | மதியம் 1:05

வயலின் டீச்சர் சொன்னதுக்கு மேல நான் மிஷினு பக்கத்தப் பத்தி சொல்றேன். இதுல பீட்டு வேலைல பெரும்பங்கு ஆர்க்கா, வெனிசுவேலாக்காரங்க, அப்ப சின்ன வயசு. பாட்டுல முக்காவாசி எழுதி முடிச்ச பொறவுதான் அவிய உள்ள வந்தது. மிக்ஸிங் ஹாக்ஸன் க்ளோக்குன்னு ஒரு இங்கிலாந்துக்காரரு, ஃபேமிலிங்கற பாட்டுல தயாரிப்புலயும் அவரு கை இருக்குது. அந்தாளு அவரோட சொந்த ஆல்பத்துலயே தரைக்கு அடில இருந்து வர்ற மாதிரி பேஸ் வெக்கறவரு. இத போன் ஸ்பீக்கர்ல கேட்டா பாதி ஆல்பம் உங்களுக்கு வரவே வராது, போன் ஸ்பீக்கர் கீழ்ச்சத்தத்த குடுக்காது. பொள்ளாச்சியாரே நீங்க எதுல கேட்டீங்க?

பீட்டு ஏன் சறுக்குதுன்னா, என்ற கணிப்பு, அவிய பீட்ட பாட்டுக்கு அடில தரையா போடல. கொரலு போற போக்குல போகுது, பீட்டு அதுக்குப் பின்னாடி ஓடி வருது, சில எடத்துல வந்து சேருது, சில எடத்துல கீழ விழுந்துருது. பிளாக் லேக் நடுவுல பாருங்க, பீட்டு மெல்ல மெல்ல ஏறி ஒரு கட்டத்துல ஓட ஆரம்பிக்கும், சரி இனி போயிரும்னு நெனைப்பீங்க, மறுபடியும் வயலின் வந்து நிறுத்திப்புடும். மூணாவது பாட்டு ஹிஸ்டரி ஆஃப் டச்சஸ்ல வயலினே கெடையாது, சிந்தசைஸர் மட்டுந்தான், மூணு நிமிசம். ராத்திரி நடுவுல முழிப்பு வந்து பக்கத்துல படுத்திருக்கறவர தொடறப்ப இதுவரைக்கும் தொட்டதெல்லாம் ஒரே செகண்டுல வந்து போற பாட்டு அது. எனக்கு ஆல்பத்துலயே அதுதான் தாங்க முடியாத பாட்டு. நான் கல்யாணம் ஆனவன், எனக்கு பிரிவெல்லாம் ஒண்ணுமில்ல, அப்படியிருந்தும் அதக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயி தூங்கறவளப் பாத்துட்டு வந்தேன்.

இன்னொரு விசயம். இந்த ஆல்பம் மார்ச்சுல வர வேண்டியது, நியூயார்க்குல மோமா மியூசியத்துல பியோர்க்கப் பத்தி ஒரு கண்காட்சி, அதோட சேத்து விடலாம்னு இருந்தாங்க. ஜனவரிலயே நெட்டுல லீக்காயிருச்சு, ரெண்டு நாள்லயே அவியளே வெளியிட்டுட்டாங்க. அவ்வளவு சொந்தமான ஒண்ண நாம குடுக்கறதுக்கு முன்னாடி ஊரே கையில வெச்சிருந்தா எப்படியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

---

ஜமாப்_செட்டு_பொள்ளாச்சி | மதியம் 1:20

போன்லதாங்க கேட்டேன். ராத்திரி கார்ல போட்டுப் பாக்கறேன்.

---

சித்தோடு_இண்டி | மாலை 4:33

இந்த இழைய இத்தன நாளா எதிர்பாத்துட்டு இருந்தேன்ணா!! வல்னிகூரா புடிச்சா டர்ட்டி புரொஜெக்டர்ஸ் 2017 பிப்ரவரில போட்ட ஆல்பத்தையும் கேளுங்க, பேண்டு பேரேதான் ஆல்பத்துக்கும் பேரு. டேவ் லாங்ஸ்ட்ரெத், ஆம்பர் காஃப்மன் ரெண்டு பேரும் ஒரே பேண்டு, ஒரே வூடு, அப்புறம் பிரிஞ்சாங்க, ஆம்பர் பேண்ட விட்டும் போயிட்டாங்க, டேவ் தனியா உக்காந்து செஞ்ச ஆல்பம். முன்னாடி பூரா கிட்டாரும் பல பேரு சேந்து பாடறதுமா இருந்த பேண்டு, இதுல ஒரே ஆளு, அவரு கொரலயே கம்ப்யூட்டர்ல வெட்டி எறக்கி ஏத்தி வெச்சிருக்கறாரு. மொதப் பாட்டுல அவரோட கொரலு வேகத்தக் கொறச்ச டேப்பு மாதிரி கனமா வரும். அதுல 2012ல அவிய போட்ட ஆல்பத்துல இருந்த ஒரு காதல் பாட்டோட துண்டையே வெட்டி நுழைச்சிருக்கறாரு. சந்தோசமா இருந்தப்ப பாடுனத பிரிஞ்ச பொறவு கத்தி மாதிரி திருப்பறாரு. அதக் கேட்டப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

---

ஈரோடு_நர்ஸ் | இரவு 9:48

நைட் டூட்டிக்கு கெளம்பறதுக்கு முன்னாடி எழுதறேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்கோங்க.

சித்தோடு தம்பி, நீ சொன்ன ஆல்பத்த நானும் கேட்டிருக்கேன். இசை எனக்கும் புடிச்சுது. ஆனா அந்த மொதப் பாட்டு முடிஞ்சதும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்துச்சு, அந்தப் பொண்ணு இத எப்படிக் கேட்டிருப்பா? ஒரு பாட்டுல அவங்க எப்ப எங்க சந்திச்சாங்க எப்படிப் பிரிஞ்சாங்கன்னு மொத்தத்தையும் ஏழு நிமிசத்துக்கு மேல சொல்றாரு. அவ பக்கம் அதுல எங்கயும் இல்ல. அதே 2017ல அவளும் ஒரு ஆல்பம் போட்டா, அதுக்கு தயாரிப்பாளர் இவருதான், பிரிஞ்ச பொறவும் சேந்து உக்காந்து வேல பாத்திருக்காங்க. அது தெரிஞ்சப்ப எனக்கு இன்னும் வெசனமாப் போச்சு.

ஏன் சொல்றேன்னா எனக்கு விவாகரத்து ஆயி ஆறு வருசம். நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஒறம்பரை பூராவுக்கும் ஒரு கதை போயிருச்சு. கல்யாணத்துக்குப் போனா சீர் தட்டு தொடறப்ப பக்கத்துல நிக்கறவங்க மூஞ்சி மாறும். ஏன் மாறுதுன்னு எனக்குத் தெரியும், அந்தக் கதைல நான் எப்படி இருக்கேன்னும் தெரியும். நான் திருப்பி ஒண்ணும் சொல்லல, ஏன்னா சொன்னா அது ரெண்டாவது கதை ஆயிரும், மொதக் கதைக்குப் பதிலா யாரும் எடுத்துக்க மாட்டாங்க. அதனால பிரிவப் பத்தி யாராச்சும் ஆல்பம் போட்டா நான் மொதல்ல அங்க இல்லாத ஆளத்தான் தேடுவேன்.

பியோர்க்கு இதுல சுத்தமுன்னு நான் சொல்ல வரல. பிளாக் லேக்ல அவங்களும் குத்தம் சொல்றாங்க, கடுமையாவே சொல்றாங்க. அடுத்த பாட்டு ஃபேமிலி, அதுல அப்பா அம்மா குழந்தைன்னு மூணு பேரு சேந்த ஒண்ணு செத்துப் போச்சு, அதுக்கு எங்க போயி அஞ்சலி செலுத்தறதுன்னு கேக்கறாங்க. நம்மூர்ல மனுசன் செத்தா பதினாறு நாளு இருக்குது, சாங்கியம் இருக்குது, வந்து உக்காந்து அழ ஆளு இருக்குது. ஒரு கல்யாணம் செத்தா ஒண்ணுமே இல்ல. அடுத்த நாளே டூட்டிக்குப் போனேன் நானு. ஐசியூல ஒரு பெரியவருக்கு ட்ரிப்ஸ் மாத்திட்டு இருக்கறப்ப மோதரம் போட்டிருந்த வெரல்ல வெள்ளையா ஒரு வளையம் தெரிஞ்சுது, வெயிலு படாத எடம். அது மறைய நாலு மாசம் ஆச்சு. அந்தப் பாட்டக் கேக்கறப்பெல்லாம் எனக்கு அந்த வளையந்தான் ஞாபகம் வரும்.

---

வயலின்_டீச்சர்_கோவை | இரவு 10:30

அக்கா, ரெண்டு தடவ படிச்சேன்.

---

பல்லடம்_தறிக்காரன் | இரவு 11:58

நர்ஸக்கா, நீங்க எழுதுனதுல நான் மாட்டிட்டேன். சொல்லாம விட்ட ஒண்ணு இருக்குது, இப்ப சொல்லிடறேன்.

நானும் ஒண்ணு செஞ்சுட்டு இருக்கறேன். ஆல்பம்னு சொல்ற அளவுக்கு இல்ல, ஒரே ஒரு நீளமான பாட்டு, இப்ப 14 நிமிசம் இருக்குது. லேப்டாப்புல இலவச சாஃப்ட்வேர். தறிச்சத்தந்தான் அடி. எங்க தறி நிமிசத்துக்கு 120ல இருந்து 130 அடி வரைக்கும் ஓடும், ஆனா எட்டும் ஒரே வேகத்துல ஓடாது, ஒண்ணுல பெல்ட்டு லூசு, ஒண்ணு பழசு, அதனால ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளிப் போகும். சித்த நேரம் ஒரே கூச்சலா இருக்கும், அப்புறம் ரெண்டு மூணு தறி தானா ஒண்ணு சேந்து ஒரே அடியா விழும், ஒரு அஞ்சாறு அடி சேந்து நடந்துட்டு மறுபடியும் பிரிஞ்சு போயிரும். சின்ன வயசுல நூலு தார் சுத்தற மிஷினுக்குப் பக்கத்துல சாக்கு மேல படுத்துட்டு அது எப்ப சேரும் எப்ப சேரும்னு கேட்டுட்டே தூங்கிருவேன். பொள்ளாச்சியண்ணா, நீங்க கேட்டீங்கல்ல அடி எங்கன்னு, எனக்கு பியோர்க்கு பாட்டுல அடி இப்படித்தான் கேக்குது. சேந்து பிரியற அடி.

2022 ஆரம்பத்துல கூலி உயர்வு கேட்டு விசைத்தறி ஸ்ட்ரைக் நடந்துச்சுல்லீங்க, அப்ப எங்கூரே ஊமையாட்டம் இருந்துச்சு. ராத்திரி நாய் கொரைக்கறது மூணு தெரு தள்ளி இருந்து கேக்கும். அம்மாவுக்கு தூக்கமே வரல, இருபத்தஞ்சு வருசமா தறிச்சத்தத்துல தூங்குனவங்க. அந்த அமைதிய எப்படியாச்சும் பாட்டுக்குள்ள கொண்டாறணும்னுதான் ஆரம்பிச்சேன்.

இப்ப சொல்லாம விட்டது. நடுவுல 23 செகண்டு அவளோட வாய்ஸ் நோட்டு வெச்சிருக்கறேன். ஒண்ணும் பெருசா இல்ல, பஸ்ஸு லேட்டு, மழ பேஞ்சுட்டு இருக்குது, நீ சாப்ட்டுட்டு படுன்னு சொல்றா. பின்னாடி மழ சத்தம். கொரல கீழ எறக்கி வெச்சிருக்கறேன், அவளத் தெரிஞ்சவங்களுக்கே அடையாளம் தெரியாது. அந்த எடம் இல்லாட்டி பாட்டே இல்லைன்னு நெனச்சேன். இப்ப சந்தேகமா இருக்குது.

---

சித்தோடு_இண்டி | இரவு 12:10

அண்ணா அது உங்க போனுக்கு வந்தது, உங்க வாழ்க்கை. வெச்சுக்கோங்க. கலைன்னா அப்படித்தான், எல்லாத்தையும் கேட்டு அனுமதி வாங்கிட்டு யாரும் பாட்டு எழுதல.

---

ஈரோடு_நர்ஸ் | காலை 6:20

டூட்டி முடிஞ்சு பஸ்ல இருக்கேன். சித்தோடு தம்பி சொல்றது எனக்குச் சரியாப் படல. நடந்தது ரெண்டு பேருக்கும் சொந்தம், சரி. அத நெனச்சு நீ அழுதா, எழுதுனா, வயலின் வெச்சா அது உன்னுது. ஆனா கொரலு அவளுது. கொரல எறக்கி வெச்சா அடையாளம் தெரியாதுன்னு தறிக்காரத் தம்பி சொல்றான், அவளுக்குத் தெரியுமே. அந்த மழை என்னைக்குப் பேஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியும். உனக்கு சாப்புடச் சொன்னத ஊருக்குச் சொன்னதா ஆக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேளு. கேக்க முடியாத நெலைல இருந்தா எடுத்துரு கண்ணு.

---

சவுண்டு_சர்வீஸ்_கோபி | காலை 9:02

நான் நர்ஸம்மா பக்கம். அது ஒருபக்கம் இருக்கட்டும், தறிச்சத்தத்த எதுல புடிச்சீங்க தம்பி? போன்லன்னா ஒண்ணு சொல்றேன். போனு தானாவே சத்தத்தக் கூட்டிக் கொறைக்கும். தறி ஓடறப்ப அமுக்கி வெக்கும், நின்னதும் சட்டுன்னு கூட்டிரும், அப்ப உங்களுக்கு வேண்டிய அந்த நிக்கற எடம் மெத்துமெத்துன்னு இரைச்சலா வரும். பேச்ச மட்டும் வெச்சுட்டு மத்தத இரைச்சல்னு நெனச்சு வெட்டற வேலையும் சில போனு பண்ணும், தறி பூரா அதுக்கு இரைச்சல்தான். கெயின, அதாவது சத்தம் வாங்கற அளவ, கையால வெக்கற மாதிரி ஒரு ரெக்கார்டர் வேணும்.

அதவிட நல்லது பைசோ தகடு. எலெக்ட்ரானிக்ஸ் கடைல சல்லிசா கெடைக்கும், பத்து ரூவா காசு மாதிரி வட்டமா பித்தளத் தகடு, ரெண்டு ஒயரு. அத தறியோட பக்கவாட்டு ஃபிரேம்ல டேப்பு போட்டு ஒட்டுனா காத்துல வர்ற சத்தம் எடுக்காது, இரும்புக்குள்ள ஓடற அதிர்வத்தான் எடுக்கும். நாடாவ கட்டை அடிக்கறது ஒரு மாதிரி, நாடா அந்தப்பக்கம் பொட்டில போயி மோதறது வேற மாதிரி, ரெண்டும் தனித்தனியா வரும். தறி ஓடறப்ப கைய உள்ள விட்றாதீங்க, நிறுத்திட்டுத்தான் ஒட்டணும்.

---

ஜமாப்_செட்டு_பொள்ளாச்சி | இரவு 10:15

நேத்து ராத்திரி உடுமலைல ஒரு நோம்பி முடிச்சுட்டு செட்டு பசங்கள எறக்கி விட்டுட்டு தனியா வந்தேன். கார்ல போட்டேன். கோபிக்காரரு சொன்னது சரி, அடில ஒண்ணு இருக்குது, போன்ல அது சுத்தமா வரவே இல்ல.

பிளாக் லேக் வந்தப்ப வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, லைட்ட அணைச்சேன். தம்பி, எனக்கு என்ன ஞாபகம் வந்துச்சு தெரியுமா, நாங்க ஜமாப் அடிக்கறப்ப முப்பது பேரு ஒட்டுக்கா வேகம் ஏத்திட்டே போவோம், உச்சில எங்க வாத்தியாரு கைய ஒசத்துவாரு, அத்தன பேரும் ஒரே வெட்டுல நிறுத்திருவோம். அப்ப கூட்டத்துல சின்னப் பசங்க ஆடிட்டே இருப்பாங்க, மேளம் நின்னது காலுக்குத் தெரியாது. ரெண்டு மூணு எட்டு வெறும் அமைதில ஆடுவாங்க. இத்தன வருசமா அத நான் கவனிச்சுட்டு இருந்தேன், ஆனா அது ஒரு பாட்டா ஆகும்னு நெனச்சதில்ல. அந்தம்மா பத்து நிமிசமும் அந்த ரெண்டு மூணு எட்டுலயே நிக்கறாங்க. நேத்துத்தான் புரிஞ்சுது. முன்ன கேட்டது தப்பா இருந்தா மனசுல வெச்சுக்காத.

---

வயலின்_டீச்சர்_கோவை | இரவு 10:50

அண்ணா!! இத விட நல்லா யாரும் சொல்ல முடியாது.

உங்களுக்காக இன்னொண்ணு. அதே 2015 கடைசில பியோர்க் இந்தப் பாட்டுகள பீட்டு எதுவுமே இல்லாம, வயலின் கூட்டமும் கொரலும் மட்டும் வெச்சு தனியா வெளியிட்டாங்க, வல்னிகூரா ஸ்டிரிங்ஸ். அதுல வியோலா ஆர்கனிஸ்டான்னு ஒரு வாத்தியமும் இருக்கு. லியனார்டோ டாவின்சி எப்பவோ வரைஞ்சு வெச்சது, கீபோர்டு மாதிரி அழுத்தணும், ஆனா உள்ள சக்கரம் சுத்தி தந்திய வில்லு மாதிரி உரசும். வில்லு திருப்பறதே இல்லாம ஒரு சுரம் நின்னுட்டே இருக்கும். எனக்கு அந்த ஆல்பந்தான் மேல. பீட்டு வந்து மறைக்காம புண்ணு புண்ணாவே தெரியுது. வல்னிகூராங்கற பேருக்கே லத்தீன்ல புண்ணு ஆத்தறதுன்னுதான் அர்த்தம், அட்டைலயே நெஞ்சுல ஒரு பொளவோடதான் நிக்கறாங்க.

---

பல்லடம்_தறிக்காரன் | இரவு 11:20

டீச்சர், இந்த ஒண்ணுல மட்டும் நான் ஒத்துக்க மாட்டனுங்க. ஸ்டிரிங்ஸ் ஆல்பத்த இப்பத்தான் கேட்டு முடிச்சேன். அழகா இருக்குது, ரொம்ப அழகு. ஆனா ஓடுன தறி நின்னாத்தான அந்த அமைதி வரும், ஆரம்பத்துல இருந்தே தறி இல்லைன்னா அது வெறும் குடோனு. பீட்ட எடுத்துட்டா உறையறதுக்கு அங்க எதுவும் ஓடல.

---

வயலின்_டீச்சர்_கோவை | இரவு 11:41

யோசிச்சுட்டு இருக்கேன். பிளாக் லேக்குக்கு நீங்க சொல்றது சரி. மொதப் பாட்டு ஸ்டோன்மில்க்கருக்கு நான் விட்டுக் குடுக்க மாட்டேன், அது பிரியறதுக்கு முன்னாடி எழுதுன பாட்டு, அதுல இன்னும் கெஞ்சல் இருக்கு, ஒரு தெளிவு கேட்டு எதிர்ல இருக்கறவர்கிட்ட பேசறாங்க. பேசறப்ப பின்னாடி எதுவும் ஓட வேண்டாம். அத எழுதுன கடக்கரைலயே, ரெய்க்யாவிக் பக்கத்துல க்ரோட்டான்னு ஒரு எடம், அங்கயே போயி 360 டிகிரி வீடியோவா எடுத்திருக்காங்க. போன திருப்புனா அவங்களும் நம்மளச் சுத்தி நடந்துட்டே இருப்பாங்க, எந்தப் பக்கம் திரும்புனாலும் தப்பிக்க முடியாது.

---

சித்தோடு_இண்டி | காலை 8:05

நர்ஸக்கா, ராத்திரி பூரா நீங்க சொன்னத நெனச்சுட்டு இருந்தேன். எங்கக்காவும் இப்ப வூட்டுக்கு வந்து எட்டு மாசமா இருக்கறா. அவளப் பத்தி யாராச்சும் ஒரு பாட்டு போட்டு அதுல அவ கொரலு இருந்தா நான் சும்மா இருந்திருக்க மாட்டேன். நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்.

---

பல்லடம்_தறிக்காரன் | நாலு நாள் கழிச்சு, இரவு 10:37

கேட்டனுங்க. பதினோரு மாசத்துல மொத மெசேஜ். என்ன எழுதறதுன்னு தெரியாம ஒண்ணர மணி நேரம் ஆச்சு, கடைசில சுத்தி வளைக்காம, இந்த மாதிரி ஒரு பாட்டு, அதுல உன்ற வாய்ஸ் நோட்டு 23 செகண்டு, வெக்கட்டுமான்னு மட்டும் கேட்டேன். ரெண்டு நாளு நீலக்குறி விழுகல. அப்புறம் விழுந்துச்சு. அப்புறம் ஒரு நாளு ஒண்ணுமில்ல. இன்னைக்கு மத்தியானம் "வேண்டாம்"ன்னு வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு "கேட்டதுக்கு தேங்க்ஸ்".

எடுத்துட்டேன். எடுத்தப்ப ரெண்டு பக்கத்தையும் ஒட்டி வெக்கல, அந்த 23 செகண்டு அங்கயே காலியா இருக்குது. இப்ப அதுல தறி நின்ன பொறவு மோட்டார் சுத்தி ஓய்ற சத்தம் மட்டும் வெக்கலாம்னு இருக்கறேன், ஆனா நான் போன்ல புடிச்சது கோபியண்ணா சொன்ன மாதிரியே இரைச்சலா இருக்குது, ஆகாது.

---

சவுண்டு_சர்வீஸ்_கோபி | இரவு 10:52

என்கிட்ட ரெக்கார்டர் இருக்குது, நாலு லைன் போடலாம். பைசோ நான் வாங்கிட்டு வர்றேன், எத்தன வேணும்?

---

ஜமாப்_செட்டு_பொள்ளாச்சி | இரவு 10:58

நானும் வர்றேன். மேளம் வேண்டாம், சும்மா கேக்க வர்றேன்.

---

பல்லடம்_தறிக்காரன் | இரவு 11:06

நாலு போதும்ணா, நடு வரிசைல இருக்கற நாலு தறிதான் அடிக்கடி ஒண்ணு சேரும். சனிக்கிழம பொழுதோட வந்துருங்க, சாப்பாடு எங்கூட்ல, அம்மாகிட்ட சொல்லிட்டேன். ஆறு மணிக்கு தறிய நிறுத்தி தகடு ஒட்டிட்டு மறுபடியும் ஓட்டலாம். ஞாயித்துக்கிழம எங்களுக்கு லீவு, அதனால சனி ராத்திரி எட்டு மணிக்கு அப்பா மெயின ஆஃப் பண்ணுவாரு. எட்டு தறியும் நின்ன பொறவு யாரும் பேசாதீங்க, ஒரு நிமிசத்துக்கு கதவு கூட தொறக்க வேண்டாம்.